அந்தியாமோ

இத்தாலிய மொழியில் ‘போவோமா?’ என்று கேட்பதற்கு ‘அந்தியாமோ?’ என்கிறார்கள். இந்தச் சொல்லை முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பொழுதுபட்டுவிட்டதா என்று திண்ணையிலிருந்து யாரோ வினவுவது போல, ‘அந்தி ஆமோ?’ என்று அது கொப்பியில் நின்றது. இரு மொழிகளுக்கும் எந்த உறவும் இல்லை. மாலையில் எங்காவது போகலாம் என்று கூப்பிடும் சொல்லுக்குள் ஓர் அந்தி ஒளிந்திருப்பது வெறும் தற்செயல். ஆனால் இத்தகைய தற்செயல்களைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வது ஆசிரியத் தொழிலின் பழக்கம். பிள்ளைகளின் மனத்தில் ஒரு சொல்லை ஒட்டவைக்க இதைவிடச் சிறந்த பசை கிடையாது. என் மாணவனுக்கும் அந்தச் சொல் அப்படித்தான் ஒட்டியது.

மாணவன் என்கிறேன், அவனுக்கு இப்போது முப்பது வயதாகிறது. சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்தவன். மிலான் நகரில் முதிய பெண்மணி ஒருவரின் வீட்டில் தங்கியிருந்து அவரைப் பராமரிக்கிறான். இந்த வேலை செய்வோருக்கு அங்கே ‘பதான்தே’ என்று பெயர். கவனித்துக்கொள்பவர் என்பது அதன் பொருள். வீட்டு வேலையாளருக்கான கூட்டு ஒப்பந்தம் ஒன்று அந்நாட்டில் உண்டு. அதன்படி வீட்டோடு தங்கிப் பணிபுரிபவருக்கு வாரத்தில் 54 மணித்தியாலம் வரை வேலை, 36 மணித்தியாலம் ஓய்வு. ஓய்வில் 24 மணித்தியாலம் ஞாயிற்றுக்கிழமைக்குரியது, மிகுதி 12 மணித்தியாலம் வேறொரு நாளில். ஆகவே அவனுக்கென்று கிழமையில் இரண்டு அந்திகள் இருக்கின்றன. அந்த இரண்டையும் என்ன செய்வது என்பதுதான் அவனுடைய பிரச்சினையாக இருந்தது.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் நோக்கி பஸ்ஸில் போகிறவர்களுக்கு வென்னப்புவவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ‘குட்டி இத்தாலி’ என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் விழுந்துவிட்டது. இத்தாலியில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வாழ்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். வென்னப்புவ, நீர்கொழும்புக் கரையோரத்துக் கத்தோலிக்கர்கள் அவர்களுக்கு முன்னோடிகள். ஞாயிறு என்றால் அவர்களுக்குத் தேவாலயம் இருக்கிறது. பூசை முடிந்ததும் முற்றத்தில் கூடி நிற்க ஊர்க்காரர் இருக்கிறார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் பையன் ஒருவன் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசலாம்; அதற்குமேல் போக முடியாது. அவர்கள் அவனை ஒதுக்கியதாக அவன் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு குடும்பத்துக் கலியாணத்தில் அயலூரான் எவ்வளவு நேரம் நிற்பான், அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதத்தில் அவன் கற்ற இத்தாலியம் முழுவதும் ஏவல் வினை. ‘பிரெந்தி’ என்றால் எடு. ‘போர்த்தா’ என்றால் கொண்டு வா. ‘கியூதி’ மூடு, ‘அஸ்பெத்தா’ பொறு. மாத்திரைகளின் பெயர்களும் காய்கறிகளின் பெயர்களும் தலைகீழாகப் பாடம். ஒருநாள் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது சொன்னான்:

“சேர், வேலப் பேச்செல்லாம் நல்லா வெளங்குது. வேல முடிஞ்சாப் பொறவு அவங்க பேசுற பேச்சுத்தான் வெளங்குதில்ல.”

இதைக் கேட்ட பிறகுதான் நானும் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினேன். பஸ் நிலையக் கடையொன்றில் சிங்களத்தில் அச்சான கையேடு ஒன்று எனக்குக் கிடைத்தது. அதில் ‘ஐயா, சம்பளம் எவ்வளவு?’ இருந்தது, ‘கழிவறை எங்கே?’ இருந்தது, வைத்தியரிடம் சொல்ல வேண்டிய நோய்களின் பட்டியல் இரண்டு பக்கம் இருந்தது. ‘இன்றைக்கு அந்திக்கு என்ன செய்யப் போகிறாய்?’ என்ற வாக்கியம் எங்கும் இல்லை. தொழிலாளிக்கு அந்தி உண்டு என்பது கையேடு எழுதியவரின் கற்பனைக்கு எட்டவில்லை. மிச்சத்தைக் கைத்தொலைபேசியில் தேடித்தேடிக் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதினேன். ‘அந்தியாமோ’ அதன் முதற்பக்கத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலைப்பொழுதைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். ஐரோப்பிய கவுன்சில் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்தரச் சட்டகத்தில் ‘ஏ2’ என்றொரு படிநிலை உண்டு. ஒருவர் அந்தப் படியை எட்டிவிட்டார் என்பதற்கு அது சொல்லும் அடையாளங்களில் ஒன்று, மாலையிலோ வார இறுதியிலோ என்ன செய்வது என்று மற்றவருடன் கலந்து பேசத் தெரிவது. ஒரு யோசனையை முன்வைக்கவும், பிறர் சொல்லும் யோசனைக்கு உடன்படவும் மறுக்கவும் தெரிவது. இத்தாலியில் நீண்டகால வதிவிட அனுமதி கேட்கும் வெளிநாட்டவர் 2010 டிசம்பர் முதல் இந்த ஏ2 தரத்தை நிரூபிக்க வேண்டும். பிரஜாவுரிமைக்கு 2018இன் பின்னர் அதற்கும் மேலான ‘பீ1’ தேவைப்படுகிறது. தனக்குரிய ஓய்வை இன்னொருவனோடு பங்கிட்டுக்கொள்ளத் தெரிவதை ஒரு தேர்ச்சியாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நமது பாடத்திட்டக் குழுக்களுக்கு இப்படியொரு எண்ணம் தோன்றியதாக நான் அறியேன். நம் பிள்ளைகள் பத்து வருடம் ஆங்கிலம் படித்த பிறகும் விண்ணப்பக் கடிதம் எழுதுவார்கள். ‘வாங்களேன், கடற்கரைப் பக்கம் போய் வருவோம்’ என்று ஒரு மனிதரிடம் சொல்ல நாக்கு எழும்பாது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ‘-யாமோ’ என்ற விகுதி. அந்தியாமோ, வெதியாமோ, உஷ்ஷாமோ. போவோம், பார்ப்போம், வெளியே கிளம்புவோம். நம்முடைய ‘-வோம்’ செய்யும் வேலையை அது செய்கிறது. ஆனால் அதற்கு இரட்டை வேடம். ‘போகிறோம்’ என்ற செய்தியும் ‘போவோம்’ என்ற அழைப்பும் அங்கே ஒரே உருவம். கேள்விக்கு நாம் ‘ஆ’ சேர்க்கிறோம். அவர்களோ குரலைச் சற்று உயர்த்துவதோடு சரி. தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. இத்தாலியரிடம் இரண்டுக்கும் ‘நோய்’ என்ற ஒரே சொல். அதையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள்.

இது இலக்கணக் குறிப்புத்தானே என்று கடந்துவிடலாம். ஆனால் ஒரு ஞாயிறு அந்தியில் அந்த வீட்டுக் குசினியில் என் மாணவன் இந்த விகுதியின் முன்னால் நின்றிருக்கிறான். கிழவியின் பேரனும் அவனுடைய தோழர்களும் வந்திருந்தார்கள். இவன் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேரன் வாசலில் நின்று, “ஸ்தஸேரா அந்தியாமோ அ பிரெந்தெரே உன் ஜெலாத்தோ” என்றான். இன்றைக்கு இரவு, போதல், ஐஸ்கிறீம். சொற்கள் எல்லாம் விளங்கின. ‘நாங்கள் போகிறோம், பாட்டியைப் பார்த்துக்கொள்’ என்கிறானா, ‘நாம் போவோம், வா’ என்கிறானா? அது விளங்கவில்லை. கையில் துணியோடு இவன் நின்ற அந்த இரண்டு வினாடிக்குள் யாரோ வெளியிலிருந்து கூப்பிட, பேரன் போய்விட்டான். அவர்கள் இவனையும் நினைத்துத்தான் சொன்னார்களா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

“நம்மட பாஷையெண்டா ‘நாங்க’ளா ‘நாம’ளா எண்டு வெளங்கியிருக்கும் சேர்,” என்றான். நன்னூல் படிப்பித்த காலத்தில்கூட ‘நாம்’ என்ற சொல்லின் அருமையை இத்தனை தெளிவாக ஒரு மாணவன் எனக்குச் சொன்னதில்லை. அதற்கு அடுத்த பாடமாக நான் கொடுத்தது ஒரேயொரு சொல்: ‘வெங்கோ ஆன்கியோ?’ நானும் வரட்டுமா? கேட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. கேட்பதற்கு வெட்கம் என்றான். வெட்கத்துக்கு என் கொப்பியில் மருந்து இருக்கவில்லை.

அழைப்பதற்கு அவர்களிடம் பல வழிகள் இருக்கின்றன. மிகவும் புழக்கத்தில் உள்ளது ‘தி வா தி’ என்று தொடங்குவது. எழுத்துப்படி பார்த்தால் ‘உனக்குப் போகிறதா?’ என்று வரும், ‘உனக்கு மனமா?’ என்பது கருத்து. முதல் ‘தி’ வல்லோசை, இறுதித் ‘தி’ மெல்லிய ஓசை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தாயிற்றே என்று முதலில் யோசித்தேன். பிறகு மூன்றையும் சேர்த்து ‘திவாதி’ என்று எழுதினேன். சொல்லின் தொடக்கத்தில் வரும் தகரமும் இடையில் வரும் தகரமும் நம் வாயில் தாமாகவே வேறுபட்டு ஒலிப்பதால், இத்தாலியர் சொல்வது போலவே வந்துவிட்டது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது அந்த ‘உனக்கு’. ‘நீ விரும்புகிறாயா’ என்று ஆளை எழுவாயாக்கி நெருக்காமல், ‘உனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வைத்து மெதுவாகக் கேட்பது. நாமும் அப்படித்தானே? ‘உங்களுக்கு இண்டைக்கி ஏலுமா?’ என்கிறோம். சிங்களவரும் ‘ஒயாட்ட புளுவன்த?’ என்கிறார்கள். ஏலாதென்றால் பழி ஆளின் மேல் விழுவதில்லை. ஏலாமை எங்கிருந்தோ வந்து அவருக்கு நேர்ந்துவிட்ட ஒன்றாகிறது. மறுக்க இடம்விட்டுக் கேட்பதே நல்ல அழைப்பு என்பதில் தமிழரும் சிங்களவரும் இத்தாலியரும் எந்த மாநாடும் கூட்டாமலே உடன்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று ‘பெர்கே நொன் வியேனி?’ எழுத்துக்கு எழுத்து, ‘ஏன் நீ வரவில்லை?’ தமிழில் இப்படிக் கேட்டால் ஆள் கோபித்துக்கொள்வார். அவர்களுக்கோ அது ‘வாங்களேன்’. நம் ‘வாங்களேன்’, ‘இருங்களேன்’, ‘சாப்பிடுங்களேன்’ எல்லாவற்றின் வாலிலும் காதுக்கு ஓர் ‘ஏன்’ கேட்கத்தானே செய்கிறது! அதை எடுத்துக்காட்டியதும் பையனுக்குப் பயம் போய்விட்டது.

மரியாதைப் பன்மைக்கு நாம் ‘நீங்கள்’ என்கிறோம். அவர்கள் மரியாதைக்கு ‘லேய்’ என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் ‘அவள்’. மீசை வைத்த நீதவானும் மரியாதை வேளையில் ‘அவள்’தான். தென்னித்தாலியில் சிலர் இன்னமும் நம்மைப் போலவே பன்மையால் மரியாதை செய்கிறார்களாம். இந்த இடத்தில் நான் தெற்கத்தியார் பக்கம்.

நேரத்தைக் குறிப்பது அடுத்த சிக்கல். எங்கள் ஊரில் மாலைக்குக் கடிகாரம் தேவையில்லை. ‘அஸருக்குப் பொறவு’, ‘மஃரிப் தொழுதிட்டு’, ‘இஷாவோட’ என்றால் சந்திப்பு நிச்சயமாகிவிடும். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ நாற்பது நிமிடத்துக்குள்தான் முன்பின்னாகிறது. மிலானில் டிசம்பர் நடுப்பகுதியில் மஃரிப் பிற்பகல் 4.40 அளவில் வந்துவிடும். யூன் கடைசியில், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியும் வைத்திருப்பதால், இரவு 9.15 ஆகும். இஷாவுக்குப் பதினொரு மணியும் கடந்துவிடும். மஃரிபைக் கொண்டு மாலையை அளந்து வளர்ந்தவனுக்கு அங்கே மாலை எங்கே தொடங்குகிறது என்பதே புரியாது. ‘ஸ்தஸேரா’, இன்று மாலை என்ற சொல், சூரியனோடு கட்டப்படவில்லை. அது இராச் சாப்பாட்டோடு கட்டப்பட்டது. எட்டு மணியளவில் சாப்பாடு. அதற்கு முன்னே ஒரு மாலை, பின்னே ஒரு மாலை. ‘ஸேரா’வின் லத்தீன் வேர் தாமதத்தைக் குறிப்பது என்று அறிந்தபோது பொருத்தமாகவே பட்டது. நேரத்தைப் பொருத்துவதற்கு ‘ஃபச்சாமோ அல்லே ஒத்தோ’ என்கிறார்கள். ‘எட்டு மணிக்குச் செய்வோம்’. நாம் ‘எட்டுக்கு வெப்பம்’ என்கிறோம். அவர்கள் சந்திப்பைச் செய்கிறார்கள், நாம் வைக்கிறோம். இடம் சொல்லும்போது ‘ஸொத்தோ காஸா’ என்பார்கள். ‘வீட்டுக்கு அடியில்’ என்று வரும். அடுக்குமாடிக்குக் கீழே, தெருவாசலில் நிற்கிறேன் என்பதே கருத்து. மாடியே இல்லாத ஊரிலிருந்து போனவனுக்கு, யாரோ நிலவறையில் காத்திருப்பது போலத்தான் முதலில் கேட்டிருக்கும்.

இந்த அளவில் பாடங்கள் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் அவனுடைய உம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

“சேர், நீங்க எங்கட மகனுக்கு அந்திக்கி ஊர் சுத்தப் படிச்சுக் குடுக்கிறீங்களாமே?”

“இல்ல தாத்தா, பேசத்தான் படிச்சுக் குடுக்கிறேன்.”

“மஃரிபுக்குப் பொறவு வெளிய போகாத புள்ள சேர் அவன். வேலய முடிச்சிட்டு ரூமுக்குள்ள ஈந்தா என்ன? அந்த ஊர்ல அந்திக்கி வெளிய போற எல்லாரும் குடிக்கத்தான் போறாங்களாம்.”

அந்தத் தாயின் பயத்தைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. இத்தாலியின் வடபகுதி நகரங்களில், மாலை ஆறரைக்குப் பிறகு நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை ‘அபெரித்தீவோ’. சாப்பாட்டுக்கு முன் பசியைக் கிளப்பவென்று ஒரு பானமும் கொறிப்பதற்குச் சில தட்டுகளும். தூரின் நகரில் 1786இல் உருவான வெர்மூத்தும், மிலானைச் சார்ந்து 1860இல் தோன்றிய கம்பாரியும் இந்த வழக்கத்தின் மூத்த பிள்ளைகள். இரண்டும் மது. அங்கே ‘அபெரித்தீவோவுக்கு வருகிறாயா?’ என்பது நம் ‘ஒரு பிளேன்டீ குடிப்போமா?’வைப் போல. எவரும் பானத்துக்காகக் கூப்பிடுவதில்லை, பேச்சுக்காகக் கூப்பிடுகிறார்கள். ஆனால் மேசையில் இருப்பது பானம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதைத் தடுக்கும் ஹதீஸ் உண்டு என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் அறிவார்கள். பையனும் அறிவான். ஆகவே கூப்பிட்டவர்களிடமெல்லாம் ‘ஓ தா ஃபாரே’, எனக்கு வேலை இருக்கிறது, என்று சொல்லி வந்தான். மூன்று தரம் சொன்னால் நான்காம் தரம் யாரும் கூப்பிடமாட்டார்கள். இது மிலானுக்கு மட்டும் உரிய சட்டமல்ல.

‘நொன் பேவோ அல்கோலிச்சி’, நான் மது அருந்துவதில்லை என்று சொல்லலாம். ‘உன் அனல்கோலிகோ’ என்று மதுவற்ற பானம் கேட்கலாம். எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். ஆனால் அந்த விரிப்பில் அமர்வது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது. நான் மௌலவி அல்ல, தீர்ப்புச் சொல்லவும் இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒரு தமிழ் வாத்தியாரின் யோசனை: அழைக்கப்படுபவன் ஆமென்றோ இல்லையென்றோ மட்டுந்தான் சொல்லலாம், அழைப்பவனோ இடத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கிறான். எனவே நீ முந்திக்கொள் என்றேன். அவர்கள் வாயைத் திறக்குமுன் நீ ‘ஃபச்சாமோ தூஏ பஸ்ஸி?’ என்று கேள். ‘இரண்டு எட்டு வைப்போமா?’ என்பது பொருள். கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம் என்பதற்கு அவர்கள் வழங்கும் மரபுத்தொடர். நாமும் ‘ஒரு எட்டு போய்ட்டு வருவம்’ என்கிறோம்; இத்தாலியரின் கணக்கில் ஓர் எட்டு கூட, அவ்வளவே. மாலைநேரத்தில் நல்ல உடுப்பு உடுத்தி வீதியில் மெல்ல உலாவி, கண்டவரை நின்று விசாரிப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். ‘பஸ்ஸெஜ்ஜாத்தா’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. காசும் செலவில்லை, ஹராமும் இல்லை.

உம்மாவிடம் இதைச் சொன்னேன். “நடக்கிறதுக்கா சேர் கூப்பிடுறாங்க? நடக்கிறதுக்கும் கூப்பிடுவாங்களா?” என்று நம்பாமல் கேட்டார். சற்று யோசித்துவிட்டு, “அவன் தனியத்தான் சோறு தின்னுறானாம் சேர்,” என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோப்பிக்கும் கூப்பிடலாம். அவர்களின் ‘கஃபே’ நம் ‘கஹ்வா’வின் வழிவந்தது. சீனிக்கு ‘ஸுக்கெரோ’ என்கிறார்கள், அறபின் ‘சுக்கர்’. எலுமிச்சை ‘லிமோனே’, அதுவும் அங்கிருந்தே. குளிர்ந்த ‘ஸொர்பெத்தோ’ எங்கள் கந்தூரி வீடுகளில் செம்பில் வந்த சர்பத்துக்கு நெருங்கிய சொந்தம். சிசிலியின் பலெர்மோ நகரம் 831 முதல் 1072 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதன் பின்னர் வந்த கிறிஸ்தவ அரசன் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்துகொண்டே அல் இத்ரீஸி 1154இல் தம் உலகப் புவியியல் நூலை முடித்தார். அதில் நமது ஸரந்தீபும் இடம்பெற்றிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ‘அல்கோல்’ என்ற சொல்லும் அறபுதான். கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் ‘அல்குஹ்ல்’ என்பதிலிருந்து திரிந்தது. கோப்பியையும் சர்பத்தையும் நாம் வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை அவர்களிடமே விட்டுவிடலாம்.

பதில் சொல்லும் பாடம் கடைசியில் வந்தது. ஆமென்பதற்கு ‘வொலென்தியேரி’, மனமுவந்து. கேட்கவே சுகமான சொல். ஏலாதென்பதற்கு ‘மி திஸ்பியாச்சே’ என்று வருந்திவிட்டு, ‘உனால்த்ரா வொல்தா’, இன்னொரு தரம் என்று கதவைச் சாத்தாமல் விடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. ‘வெதியாமோ’ என்றால் ‘பார்ப்போம்’. அட, நம்முடைய ‘பாப்பம்’! பொருளும் அதே, நழுவலும் அதே. ‘தி ஃபச்சோ ஸபேரே’ என்றால் ‘அறிவிக்கிறேன்’. அறிவிக்கமாட்டார்கள் என்று பாதி அர்த்தம். ‘மகாரி’ என்றொரு சொல் இருக்கிறது. பேறு பெற்றவனே என்று விளிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்து இத்தாலியரிடம் வந்து சேர்ந்தது. தனியாகச் சொன்னால், ‘அப்படி அமைந்தால் எவ்வளவு நல்லது!’ என்ற ஏக்கம். வாக்கியத்துக்குள் வந்தால் வெறும் ‘ஒருவேளை’.

“இது நம்மட இன்ஷா அல்லாஹ் மாதிரியா சேர்?” என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கஹ்ஃப் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் நாளை செய்வேன் என்று எதைப் பற்றியும் அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதே என்று நம்மைப் பணிக்கின்றன. அப்படிச் சொல்பவன் தன் பங்கை உறுதி செய்துவிட்டு மிச்சத்தை ரப்பிடம் ஒப்படைக்கிறான். ஆனால் நமது ஊர்களில் அது என்னவாகிவிட்டது? கலியாண அழைப்புக்கு, கூட்டத்துக்கு, கடன் திருப்பித் தரும் தவணைக்கு ‘இன்ஷா அல்லாஹ்’ என்று ஒருவர் சொன்னால், இவர் வரமாட்டார் என்று மற்றவர் குறித்துக்கொள்கிறார். வராமல் இருப்பதற்கு நாம் அந்த வார்த்தையைக் காரணமாக்கியிருக்கிறோம். ‘பாப்பம்’ என்று நேரே சொல்லிவிட்டுப் போகலாமே, அதற்கு எதற்குத் திருவசனம்? ‘மகாரி’க்கு வாக்குறுதியின் பாரம் இல்லை, அது வெறும் ஆசை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல மகன், வருவதாக முடிவு செய்துவிட்டால் மட்டும் நம்முடையதைச் சொல் என்றேன்.

முதலில் அவன் அழைத்தது கிழவியைத்தான். “லே வா தி ஃபாரே தூஏ பஸ்ஸி, ஸிஞ்ஞோரா?” ஆறு மாதமாக ‘மருந்து’, ‘சாப்பாடு’, ‘தூக்கம்’ என்று மட்டும் பேசிய பையன் திடீரென்று உலாவக் கூப்பிட்டதும் அவர் வாயடைத்துப் போய்விட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொள்ளக் கால் மணித்தியாலம் கேட்டாராம். தெருமுனை வரையில் போய்த் திரும்பினார்கள். இப்போது நாள் தவறினால் அவரே ‘அல்லோரா, அந்தியாமோ?’ என்று கைத்தடியைத் தட்டுகிறார். பிந்திய செய்தி இது; சம்பள நேரத்துக்குள் நடக்கிற உலா என்பதால் நண்பர் கணக்கில் சேராது என்று அவன் சொல்கிறான். நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆள் எகிப்தியர் ஒருவர். அந்நகரத்தில் எகிப்தியர் ஏராளம். பீட்ஸா சுடும் அடுப்புகளின் முன்னால் அவர்களை அதிகம் காணலாம். தொழும் இடத்தில் பல மாதமாக அடுத்தடுத்து நின்று, ஸலாம் சொல்லிப் பிரிந்து போனவர்கள். அவருக்கு நம் மொழி தெரியாது. இவனுடைய அறபு ஓதுகிற அறபு. அந்த அறபில் ‘நாளைக்கு எத்தனை மணிக்கு?’ என்று கேட்க நாம் யாரும் பழகவில்லை. மத்ரஸாவில் எட்டு வருடம் ஓதியவனும் அறபைத் தாய்ப்பாலோடு பருகியவரும் பேசிக்கொள்ள இத்தாலியம் வேண்டியிருந்தது. மாரிகாலம், சீக்கிரம் இருட்டிவிடும். பீட்ஸாக் கடை அடுப்பு ஆறு மணிக்குத்தான் மூட்ட வேண்டும். நடுவில் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. என் மாணவன் தானே கோத்த வாக்கியத்தை முதலில் எனக்கு அனுப்பிக் குரல் திருத்தம் கேட்டான்:

“தொமேனிகா, தோப்போ இல் மஃரிப், ஃபச்சாமோ தூஏ பஸ்ஸி?”

ஞாயிற்றுக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு, ஒரு எட்டு நடப்போமா? திருத்த ஒன்றும் இருக்கவில்லை. எந்தக் கையேட்டிலும் இல்லாத இத்தாலியம் அது. எகிப்தியர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். “வொலென்தியேரி எண்டாரு. பொறவு இன்ஷா அல்லாஹ் எண்டாரு. நம்மாக்கள் மாதிரியோ எண்டு பயந்திட்டேன் சேர்.”

அந்த ஞாயிறு இங்கே இரவு ஒன்பதரை. இஷா முடிந்து தெரு அடங்கியிருந்தது; அங்கே மணி ஐந்து. ஏ2 பரீட்சைக்கான கேள்வித்தாள் ஒன்றைப் பற்றிக் கேட்கவென்று அவனே எடுத்திருந்தான். இரண்டாம் கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் மணி ஒன்று அடித்தது. ஏதோ தடதடவென்று விழுந்த சத்தம். சப்பாத்தாக இருக்க வேண்டும்.

“சேர், வெக்கிறேன். பேந்து பேசுவம். அவரு வந்திட்டாரு, ஸொத்தோ காஸா நிக்கிறாரு.”